பென்சில் யார் கையில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு வருடமாக ஆறு நண்பர்களுக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தி வருகிறேன்; ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிச் சேர்ந்து கதை சொல்லும் மேசை விளையாட்டு அது. கதையை நடத்தும் நடுவரான டிஎம் நான்தான். ஊர்கள், அரச வம்சங்கள், தெய்வங்கள், வணிகக் குழுக்கள் என்று எல்லாக் குறிப்புகளையும் ஒரு செயலியில் எழுதி, ஒன்றுக்கொன்று இணைப்பு கொடுத்து வைத்திருக்கிறேன். இப்போது 140 பக்கங்கள் ஆகிவிட்டன. வரைபடங்களை வேறொரு மென்பொருளில் ஏற்றி, மேசை நடுவே ஒரு திரையில் காட்டுகிறேன். சண்டை வரிசை, பாத்திரங்களின் உயிர்ப்பலத்தைக் குறிக்கும் ஹிட் பாயிண்ட் கணக்கு எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்கிறது.

போன வாரம் ஆட்டக்காரர்கள் ஒரு சத்திரக்காரியின் பெயரைக் கேட்டார்கள். எழுதி வைத்த பெயர்தான், தேடினேன். அது கிடைப்பதற்குள் ஆளாளுக்கு ஃபோனைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரு தோழி, "மூணு மணி நேரத்துல நீ எங்களை ஒரு தடவைகூட நிமிர்ந்து பாக்கலை" என்றாள். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு நோட்டுக்கும் பேனாவுக்கும் போய்விடலாமா? என் கையெழுத்து எனக்கே புரியாது. அல்லது இதைவிட நல்ல மென்பொருள் ஏதாவது இருக்கிறதா? கம்ப்யூட்டர் உருட்டும் பகடையை நம்பலாமா என்று எங்களுக்குள் ஒரு வழக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் என் மேசைமேல் ஒரு பழைய கோப்பு திறந்து கிடந்தது. உள்ளே கட்டம் போட்ட தாள்கள். பென்சில் கோடுகள், அழித்து அழித்துத் தேய்ந்த இடங்கள், ஓரத்தில் என் நண்பனின் பொடி எழுத்து. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் சிறிய விஷயங்களை முடித்துவிடுகிறேன்.

பகடை. கம்ப்யூட்டர் பகடையில் கள்ளம் எதுவும் இல்லை. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணுக்கும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு என்ற கணக்கை, விளிம்பு தேய்ந்த கைப்பகடையைவிட அது ஒழுங்காகவே காப்பாற்றும். 1979இல் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது, இந்த விளையாட்டின் தொடக்கநிலைப் பெட்டிக்குள் பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட துண்டுகளை வைத்து விற்றார்கள். கோப்பையில் போட்டுக் குலுக்கி எடுத்து ஆடினார்கள். உங்கள் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுங்கள்.

கையெழுத்து. நீங்கள் ஒருவர் மட்டும் படிக்கப்போகும் தாள் அது. இது ஒரு காரணமே இல்லை.

சண்டைக் கணக்கை மென்பொருளே வைத்துக்கொள்ளட்டும். எட்டு கோப்ளின்கள், ஆறு வீரர்கள், யார்மேல் எந்த மந்திரம் இன்னும் எத்தனை சுற்று என்பதையெல்லாம் மனதில் சுமப்பதில் பெருமை ஒன்றும் கிடையாது. தூரத்தில் பிரிந்து கிடக்கும் நண்பர்கள் ஒன்றுகூடுவதற்கும், அச்செழுத்தைப் படிக்க முடியாத ஒருவர் தன் பாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட்டைக் காதால் கேட்டுக்கொள்வதற்கும் கம்ப்யூட்டர் செய்திருக்கும் உதவியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கேரக்டர் ஷீட்டுகளை இணையத்தில் வைத்திருந்தால் ஒரு பிரதி அச்செடுத்தும் வைத்திருங்கள். 2024 ஆகஸ்டில், இந்த விளையாட்டின் அதிகாரபூர்வ இணையதளமான டி அண்ட் டி பியாண்ட், புதிய விதிகள் வந்ததும் ஷீட்டுகளில் உள்ள பழைய மந்திரங்களும் மாயப் பொருட்களும் புதிய பதிப்புக்கு மாறிவிடும் என்று அறிவித்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்த பிறகு சில நாட்களிலேயே பின்வாங்கியது. ஷீட் ஆட்டக்காரருடையது என்பதைச் சண்டை போட்டு நிலைநாட்ட வேண்டியிருந்தது.

இனி அந்த 140 பக்கங்கள். ர., உங்களைத் திட்டத்தான் போகிறேன். யார் கேட்டார்கள் அவற்றை? சத்திரக்காரியின் பெயர் ஒரு வினாடியில் வாயில் வந்திருக்க வேண்டியது. வாயில் வருவதே அவள் பெயர், பிறகு எழுதிக்கொள்ளலாம். ஏற்கனவே எழுதி வைத்த பெயருக்கு விசுவாசமாக இருக்கப்போய், எதிரே உட்கார்ந்திருந்த ஆறு பேரைக் காக்க வைத்துவிட்டீர்கள். அந்தப் பெயர் மாறியிருந்தால் உலகில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, உங்களைத் தவிர. ராத்திரியில் தனியாக உட்கார்ந்து வம்சாவளி எழுதுவது இனிமையான வேலை. நானும் வருடக்கணக்காகச் செய்திருக்கிறேன். ஆனால் அங்கே உங்களை எதிர்த்துப் பேச யாரும் இல்லை. மேசையில் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் கதையைக் கலைப்பார்கள், நீங்கள் நினைக்காத கதவைத் திறப்பார்கள். அந்தப் பயத்தில்தான் திரைக்குள் குனிந்துகொள்கிறோம். உங்கள் தோழி கண்டுபிடித்துச் சொன்னது இதைத்தான். அவளுக்கு நன்றி சொல்லுங்கள்.

சரி, என் நண்பனுக்கு வருகிறேன்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் இந்த விளையாட்டை வெளியிட்டபோது அது ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு ஆயிரம் பிரதிகள். முதல் புத்தகத்தில் தேவையான பொருட்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பகடைகள், நடுவருக்கும் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு, கிராஃப் தாள், வண்ணப் பென்சில்கள், இவற்றோடு பொறுமையுள்ள நடுவர் ஒருவர். நடுவரும் பட்டியலில் ஒரு பொருள். நோட்டு ஆட்டக்காரர்களுக்கும் உண்டு என்பதைக் கவனியுங்கள். நடுவர் தன் வரைபடத்தை மறைத்து வைத்துக்கொண்டு வாயால் சொல்வார். கேட்பவர்கள் தங்கள் தாளில் வரைந்துகொள்வார்கள். 1981இல் வந்த தொடக்கநிலை விதிநூலில்கூட, வரைபடம் வரைபவர் என்று ஆட்டக்காரர்களில் ஒருவருக்குத் தனிப் பொறுப்பே கொடுத்திருந்தார்கள்.

எங்கள் மேசையில் நடுவர் நான்; வரைபடப் பொறுப்பு என் நண்பனுக்கு. வரைபடக்காரன் என்றே கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டான். வாளை உருவிக்கொண்டு பாய்வது, சத்திரத்தில் வம்பு வளர்ப்பதெல்லாம் மற்றவர்கள். அவன் தலையைச் சாய்த்து, என் உதட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு கட்டம் பத்தடி. "வடக்கே முப்பது அடி, இடப்பக்கம் ஒரு கதவு" என்றால் மூன்று கட்டம் நகரும் பென்சில். பிறகு ஒரு கேள்வி வரும். "கதவு நம்ம பக்கம் திறக்குதா, அந்தப் பக்கமா?" நான் அதை யோசித்தே இருக்கமாட்டேன். அவன் கேட்டதால் அந்தக் கதவுக்குக் கீல் முளைக்கும்.

ஒரு நாள் அரசியின் கல்லறைக்கு வடக்கே ஒரு வழி. அது கிழக்கே அறுபது அடி போய், தெற்கே திரும்பி, இன்னோர் அறையில் இறங்குகிறது. அறுபது என்று நான் சொன்னது அவன் காதில் இருபது என்று விழுந்திருக்கிறது. வரைந்து முடித்தபோது புது அறை கல்லறையின்மேல் இரண்டு கட்டம் ஏறிப் படுத்திருந்தது. ஒரே இடத்தில் இரண்டு அறைகள்! மேசையே பரபரப்பானது. மாயக்கதவு ஒன்றைத் தெரியாமல் கடந்துவிட்டோம் என்றான் ஒருவன். இல்லை, வழி நமக்குத் தெரியாமல் கீழே சரிந்திருக்கிறது, இது அடுத்த தளம் என்றாள் இன்னொருத்தி. சரிவு இருக்கிறதா என்று பார்க்கத் தோற்பையிலிருந்து தண்ணீரைத் தரையில் ஊற்றினார்கள். தண்ணீர் எங்கும் ஓடவில்லை என்றேன்.

எங்கே தவறு என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

இதற்கிடையே பந்தம் எரிந்துகொண்டிருக்கிறது. பழைய விதிகளில் ஒரு முறை என்பது பத்து நிமிடம், ஒரு பந்தம் ஆறு முறை எரியும். ஒவ்வொரு முறைக்கும் எல்லோரும் பார்க்கும்படி தாளில் ஒரு கோடு போடுவேன். நான்காவது கோடு விழும்போது பென்சில் உரசும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும், பேச்சு தணியும். கையில் அதுதான் கடைசிப் பந்தம். கயிற்றால் அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்துத் திரும்பி நடந்தார்கள். அளந்தார்கள். அறுபது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ரப்பரை எடுத்து அந்த அறையை அழித்தான். நான்கு கட்டம் தள்ளி மறுபடி வரைந்தான். வரைந்துவிட்டு, பென்சிலைக் கீழே வைக்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ரெண்டு அறைக்கும் நடுவுல இருபது அடி இருக்கு. இருபது அடி கனத்துல யாராவது சுவர் கட்டுவாங்களா?"

மூன்று மாதங்களுக்கு முன் நான் வரைந்து வைத்த மறைவறை அது. யாரும் அந்தப் பக்கம் போகாததால் நானே மறந்திருந்தேன். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், கல் நகர்ந்தது. உள்ளே அரசியின் சவப்பெட்டி. கல்லறையில் இருந்தது வேறு யாரோ. ஆறாவது கோட்டை நான் போட்டபோது ஒருவரும் மூச்சுவிடவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, எல்லோரும் திசைக்கொருவராகப் போனபின், இணையத்தில் ஆடத் தொடங்கினோம். நான் உற்சாகமாக ஒரு மென்பொருளைப் பழகி, வண்ண வரைபடங்கள் ஏற்றி, சுவர்களுக்குக் கோடு போட்டு, அவரவர் கண்ணுக்கு எட்டும் தூரம் மட்டும் வெளிச்சம் விழும்படி அமைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது செஷனில்தான் உறைத்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, திரையில் பாத்திரங்களைக் குறிக்கும் டோக்கன்கள் நகர்ந்துகொண்டிருந்தன. கூரை எவ்வளவு உயரம், என்ன வாசனை வருகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? படம்தான் இருக்கிறதே. அறைகளுக்கு நடுவே இடைவெளிகள் அந்தத் திரையிலும் இருந்தன, கறுப்பாக. ஆனால் எங்கு பார்த்தாலும் கறுப்பாக இருக்கும்போது எந்தக் கறுப்பைச் சந்தேகிப்பது? சுவர் எவ்வளவு கனம் என்ற கேள்வி, அந்தச் சுவரைத் தன் கையால் இழுத்தவனுக்குத்தான் வரும்.

என் நண்பன் நான்கு செஷன் வந்தான். ஐந்தாவதற்கு வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கு அங்க வேலை ஒண்ணும் இல்லடா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எங்கள் எல்லோரையும்விட உன்னிப்பாகக் கேட்டவன் அவன். கேட்பதற்கே ஒன்றும் இல்லாத ஒரு மேசையை நான் அமைத்து வைத்திருந்தேன், அதுவும் இரவு பகலாக உழைத்து. அந்த மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை. செய் என்று நான் சொன்னதைத்தான் செய்தது.

அடுத்த வாரம் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். குரலும் முகங்களும் மட்டும். முதல் அரை மணி நேரம் தடுமாற்றம்தான். ஒருத்திக்கு எரிச்சல்கூட வந்தது. பிறகு அவன் பழையபடி கேட்டான், "அந்தப் படிக்கட்டு அகலம் எவ்வளவு?" செஷன் முடிவில் தாளைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். வடமேற்கு மூலையில் ஒரு வழி தப்பாக இருந்தது. நான் சொல்லவில்லை. அந்தத் தாள்களைத்தான் பிறகு ஒரு கட்டாகக் கட்டி எனக்கு அனுப்பி வைத்தான். இந்தக் கோப்பில் இருப்பவை அவை.

நீங்கள் கேட்டது வேறு, தெரிகிறது. வேறு மென்பொருள் தேட வேண்டாம். அந்தச் செயலியையும் அழிக்க வேண்டாம், அதில் வருட உழைப்பு இருக்கிறது. வீட்டில் எழுதுவதற்கு அது இருக்கட்டும். ஆட்டத்துக்கு முன் அதிலிருந்து ஒரே ஒரு தாளை, இரு பக்கத்துக்கு மிகாமல், கையால் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எதை எழுதுவது, எதை விடுவது என்று கை தயங்குமே, தயாரிப்பு என்று நான் சொல்வது அந்தத் தயக்கத்தைத்தான். தாளில் இடம்பெறாத எதையும் மேசையில் தேடாதீர்கள். பத்து பெயர்களை மூலையில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த சத்திரக்காரிக்கு உதவும். மடிக்கணினி உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், சண்டை தொடங்கினால் மட்டும் திறந்தால் போதும்.

மேசை நடுவே இருக்கும் திரையை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அங்கே ஒரு கிராஃப் தாள், ஒரு பென்சில், ஒரு ரப்பர். ஆறு பேரில் பென்சிலை எடுப்பது யார் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அடுத்த ஆட்டம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்: யார் எடுத்தார்கள், முதலில் உங்களிடம் என்ன கேட்டார்கள்?

அன்புடன்.