காயத்தோடு களமிறக்கினால் யார் பொறுப்பு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் மியாமி அணியின் டுவா டகோவைலோவா அடிபட்டுத் தள்ளாடியும் மீண்டும் ஆட விடப்பட்டார். விசாரித்தவர்களோ விதிப்படிதான் நடந்தது என்றார்கள். அப்படியானால் தவறு யாருடையது?
– திருச்சி வாசகர்

பதில்: முதல் தவறு விதியை எழுதியவர்களுடையது. அடுத்தது, அந்த விதியில் இருந்த ஓட்டையை வைத்துத் தீர்ப்புச் சொன்ன மருத்துவர்களுடையது.

2022 செப்டம்பர் 25, பஃபலோ அணியுடனான ஆட்டம். தள்ளிவிடப்பட்ட டுவாவின் பின்தலை தரையில் மோதியது. எழுந்து தலையை உதறினார். சில எட்டு வைப்பதற்குள் கால் பின்னிச் சரிந்தார். சக வீரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். இடைவேளைக்குப் பிறகு மறுபடி ஆடினார். நான்கே நாளில் சின்சினாட்டியில் மீண்டும் தலை மோத, விரல்கள் கோணி விறைத்த நிலையில் ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள்.

அப்போதைய விதிப்படி நினைவிழப்பு, குழப்பம், மறதி இவற்றில் ஒன்று தெரிந்தாலே வீரர் அன்று ஆட முடியாது. தள்ளாட்டத்துக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது: அதற்குக் காரணம் மூளைதான் என்று அணி மருத்துவர், சுயேச்சையான நரம்பியல் ஆலோசகரைக் கலந்து முடிவு செய்தால்தான் தடை. முதுகில் பிடிப்பு என்றார் டுவா. மருத்துவர்களும் அதை ஏற்றார்கள். ஆனால் மூளையதிர்ச்சிச் சோதனையின்போது அவர்கள் அவருடைய முதுகைப் பரிசோதிக்கவே இல்லை. வேறு ஊழியர்கள் முன்பே பார்த்ததை நம்பிவிட்டார்கள். போட்டியை நடத்தும் என்எஃப்எல் லீகும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையிலேயே இது இருக்கிறது. அந்த ஆலோசகரைச் சங்கம் நீக்கியது. அக்டோபர் 8-ஆம் தேதி விதி மாறியது: மூளை பாதிப்பால் நடை தடுமாறினாலோ பேச்சு குழறினாலோ அந்த வீரருக்கு அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது.

‘அவரே நன்றாக இருக்கிறேன் என்றாரே’ என்பதை நாம் ஏற்கவில்லை. அடிபட்டிருப்பதே யோசித்துச் சொல்ல வேண்டிய மூளை. பரிசோதனையில் தேறினாலும் ஆபத்து நீங்கிவிடாது. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து கழுத்தில் பட்ட ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித், சோதனையில் தேறி ஒரு மணி நேரத்துக்குள் மட்டை பிடிக்கத் திரும்பினார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் வந்தன. அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். அறிகுறி தாமதமாக வரும் என்று தெரிந்தபின், சந்தேகம் எழுந்தாலே உட்காரவைப்பதுதான் மருத்துவரின் கடமை.

அமெரிக்கக் கால்பந்தில் லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான தொழில் ஒப்பந்தமே, அணி மருத்துவரின் முதற்கடமை கிளப்புக்கு அல்ல, நோயாளியான வீரருக்குத்தான் என்கிறது. ஆனால் அவரை நியமிப்பது கிளப். வீரரைக் கவனிக்கும் மருத்துவரும் அவர் ஆடத் தகுதியா என்று கிளப்புக்குச் சொல்லும் மருத்துவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2016-இலேயே பரிந்துரைத்தார்கள். அதைச் செய்யாதவரை கிளப்பும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

கேள்வி: கூடைப்பந்து வீரர் கெவின் டுராண்ட் காயத்தோடு தானே விரும்பித்தானே ஆடினார்? அதிலும் அணியைக் குறை சொல்வது நியாயமா?
– கோவை வாசகர்

பதில்: 2019 மே 8-இல் அவருக்கு வலது கெண்டைக்காலில் தசைக் காயம். இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் அணி 1-3 எனப் பின்தங்கியிருக்க, ஜூன் 10-இல் இறங்கினார். சுமார் 12 நிமிடத்தில் 11 புள்ளிகள் எடுத்தார். அதே காலின் குதிகால் நாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்தது. அடுத்த சீசன் முழுதும் ஆடவில்லை. அன்றிரவே அணி நிர்வாகத்தின் தலைவர் பாப் மையர்ஸ் கண்ணீரோடு, பழி சொல்லியே ஆக வேண்டுமென்றால் என்னைச் சொல்லுங்கள் என்றார். அவர் அப்படிச் சொன்னது சரி என்றே நினைக்கிறோம்.

காலில் பட்ட காயத்தில் வீரரின் விருப்பத்துக்கு மதிப்பு உண்டு, முழு ஆபத்தும் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தால். இன்னொன்றும் பார்க்க வேண்டும். நாண் அறுந்த நிலையிலும் டுராண்டுக்குப் புரூக்ளின் அணி பெரிய ஒப்பந்தம் தந்தது. சம்பளத்துக்கு உத்தரவாதமில்லாத கடைநிலை வீரர் ‘ஆடுகிறேன்’ என்றால், அதில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு வேலை போய்விடுமோ என்ற பயம்? பயத்தில் சொன்ன சம்மதத்தைக் காட்டி நிர்வாகம் கைகழுவக் கூடாது.

கேள்வி: என் தம்பி தொழில்முறை கபடி வீரர். முழங்கால் வீங்கியிருந்தும் ‘ஊசி போட்டுக்கொண்டு ரெய்டு போ’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– மதுரை வாசகர்

பதில்: முதலில் அது என்ன ஊசி என்று பெயரைக் கேட்கச் சொல்லுங்கள். கீட்டோரோலாக் என்றால் வலியை மறைக்கும், காயத்தை ஆற்றாது. மொத்தமே ஐந்து நாளுக்கு மேல் கூடாது. சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், ரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தும். மரத்துப்போகும் ஊசி என்றால், ‘நிறுத்து’ என்று சொல்லும் வலியே இல்லாமல் திருகல் விழும். பாதி கிழிந்த ஜவ்வு முழுதாகக் கிழிவது இப்படித்தான். நாணுக்குள் ஸ்டீராய்டு போட்டால் அது அறுந்துபோகும் அபாயம் கூடும்.

வீங்கிய முழங்காலுக்கு எம்ஆர்ஐ எடுக்காமல் களமிறங்க வேண்டாம். அணிச் சம்பளத்தில் இல்லாத எலும்பு மருத்துவர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் நடத்தை விதி. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி எல்லாம் விளக்கிப் பெற்றதே சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெறும் கையெழுத்து போதாது.

‘இவர் ஆடத் தகுதியானவர்’ என்று அணி மருத்துவரிடம் தேதியோடு எழுதிக் கேளுங்கள். வாய்வார்த்தையில் வற்புறுத்துகிறவர்கள் எழுத்தில் தரத் தயங்குவார்கள். தம்பி வாட்ஸ்அப்பில் ‘ஓகே, ஆடுறேன்’ என்று மட்டும் அனுப்பக் கூடாது. ‘வீக்கம் இருக்கிறது, ஊசி போட்டு ஆடச் சொன்னீர்கள்’ என்று நடந்ததை அப்படியே எழுதட்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்: காயத்தால் உட்கார்ந்தால் சம்பளம் உண்டா, அறுவைச் சிகிச்சைச் செலவை சீசன் முடிந்த பிறகும் அணி ஏற்குமா, தகுதி குறித்து எந்த மருத்துவரின் சொல் முடிவானது. முழங்கால் ஜவ்வை (ஏசிஎல்) மாற்றும் அறுவை வரை போனால் ஒன்பது மாதத்துக்கு முன் போட்டி வேண்டாம். அதன் பிறகும் அந்தக் காலின் வலு மற்றக் காலின் வலுவில் 90 சதவீதமாவது வந்திருக்கிறதா என்று அளந்து பார்த்தே இறங்க வேண்டும்.