ஷாலிமாரில் என்ன இருக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடும்பத்துடன் ஸ்ரீநகர் போய்வந்தோம். ஷாலிமார் பாக் பெரிய ஏமாற்றம். நடுவில் நேராக ஒரு வாய்க்கால், இருபுறமும் புல், கொஞ்சம் பூச்செடிகள். நம் ஏற்காடு அண்ணா பூங்காவில் இதைவிட அதிகம் பூ பார்க்கலாம். ஜஹாங்கீர் அமைத்தது என்பதைத் தவிர அதில் ராஜகளை எங்கே இருக்கிறது?

கே., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள கே.,

பூக்களை வைத்துப் பார்த்தால் நானும் உங்கள் கட்சிதான். மே மாத மலர்க்காட்சியின்போது அண்ணா பூங்காவை மிஞ்சுவது கடினம், கூட்டத்திலும்கூட. ஆனால் 1619இல் ஜஹாங்கீர் போட்ட அந்தத் தோட்டத்தில் பூ துணைப் பாத்திரம். தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூரில் என்ன செய்கிறது? ஏறக்குறைய 300 அடியை ஒரே பாய்ச்சலில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஷாலிமாரில் மலைச்சரிவைச் சில்லறையாக மாற்றி, பார்த்துப் பார்த்துச் செலவழித்திருக்கிறார்கள். ஹர்வான் பக்கமிருந்து வரும் நீர் மூன்று தட்டுகளில் இறங்குகிறது. இறங்கும் இடங்களில் சிற்றருவிகள். மேலிருந்து வரும் நீரின் அழுத்தமே நீரூற்றுகளைப் பீய்ச்சி அடித்தது. அந்தக் காலத்தில் மோட்டார் ஏது? நீங்கள் அலுத்துக்கொண்ட நேர் வாய்க்கால்தான் தோட்டத்தின் முதுகெலும்பு.

அருவிக்குப் பின்னாலிருக்கும் சுவரைக் கவனித்தீர்களா? வரிசையாகச் சிறு மாடங்கள் இருக்கும். பகலில் அவற்றில் பூச்சாடிகள் வைப்பார்கள், இருட்டியதும் விளக்குகள். சுடருக்கு முன்னால் நீர்த்திரை விழுந்துகொண்டே இருக்கும்.

ராஜகளை கேட்டீர்கள். கீழ்த்தட்டு பொதுமக்களுக்கானது. அங்குள்ள மண்டபத்தில், அருவிக்கு மேலேயே, கறுப்புப் பளிங்கு ஆசனம் போட்டிருக்கிறார்கள். பாதுஷா அதில் அமர்ந்திருக்க, அவர் காலடியிலிருந்து புறப்பட்ட நீர், மனுவோடு நிற்பவனை நோக்கி ஓடிவரும். ஒரு வார்த்தை பேசாமலே யார் தயவில் பிழைக்கிறோம் என்று அவனுக்குப் புரிந்துவிடும். இதைவிட ராஜகளை வேண்டுமா என்ன?

இரண்டாம் தட்டு பிரமுகர்களுக்கு. மூன்றாவது அந்தப்புரப் பெண்களுக்கு. ஷாஜகான் காலத்துக் கறுப்புப் பளிங்கு மண்டபம் அங்கேதான் நீர் சூழ நிற்கிறது. என்னைக் கேட்டால், முழுத் தோட்டமும் அந்த மண்டபத்துக்கான முன்னுரை.

அன்று தால் ஏரியிலிருந்து வாய்க்கால் வழியே படகில் வந்து, கீழிருந்து மேலாக ஏறுவார்கள். இன்று பஸ் வாசலில் இறக்கிவிடுகிறது, முதல் தட்டிலேயே குடும்பப் படம் எடுத்து முடித்துவிடுகிறோம். நீங்கள் மூன்றாம் தட்டு வரை ஏறினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.