இங்கிலாந்துல வீடு வாங்க உள்ளூர் சொலிசிட்டர் வேணுமா, ஆன்லைன்ல கம்மி விலைக்கு கிடைக்கிறவங்க போதுமா?

நீங்க கேட்டிருக்கிறது இது: டெர்பில முதல் வீடு வாங்கப் போறீங்க, எஸ்டேட் ஏஜென்ட் ஒரு கம்பெனி பேரைக் கொடுத்து இவங்ககிட்ட போனா சீக்கிரம் முடியும்னு சொல்றார், ஆன்லைன்ல ஒருத்தங்க 599 பவுண்டுக்கு முடிச்சுத் தர்றோம்ங்கிறாங்க, ஊருக்குள்ள இருக்கிற சொலிசிட்டர், அதாவது வீடு வாங்குற சட்ட வேலையைப் பாக்குற வக்கீல், 1250 கேக்குறாங்க, அவ்வளவு கொடுக்கிறது தேவையா.

நானா இருந்தா அந்த 1250ஐ கொடுத்துடுவேன். ஆனா ஆபீஸ் பக்கத்துல இருக்குங்கிறது மட்டும் காரணம் இல்ல, உங்க ஃபைலை யார் கையில வச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியணும், அதான் காரணம். இதை நான் ஒரு வீட்டை இழந்துதான் தெரிஞ்சுகிட்டேன்.

நான் நாட்டிங்ஹாம்ல நர்ஸா இருக்கேன், சொந்த ஊர் நாகர்கோவில். எங்க அப்பா அங்க நிலம் வாங்குறப்போ வில்லங்கம் போட்டுப் பார்த்து மூலப்பத்திரத்தை தெரிஞ்ச வக்கீல்கிட்ட கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்கி, அப்புறம் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எல்லாரும் நேர்ல நின்னு கையெழுத்து போட்டாங்க. இங்க அப்படி ஒரு நாள் வரவே வராது. டைட்டில், அதாவது வீட்டோட உரிமை சரியா இருக்கான்னு பாக்குறது, அந்த இடத்தைப் பத்தி கவுன்சில்ல என்ன பதிவு இருக்குன்னு செர்ச் எடுக்குறது, விக்கிறவங்க வக்கீல்கிட்ட கேள்வி கேட்டு பதில் வாங்குறது, பேங்க்ல இருந்து கடன் பணத்தை வாங்கி மறுபக்கம் அனுப்புறது, ஸ்டாம்ப் டியூட்டி கட்டுறது, லேண்ட் ரெஜிஸ்ட்ரில பேர் மாத்துறது, எல்லாமே அந்த ஒரு ஆள் கையில. மூணு நாலு மாசம் உங்க வாழ்நாள் சேமிப்பு முழுக்க அவங்க பொறுப்புல இருக்கு, இதை மனசுல வச்சுகிட்டு ஆளைத் தேடுங்க.

முதல் தடவை நாங்க டவுனுக்குள்ள ஒரு ஃப்ளாட் பார்த்தோம். ஏஜென்ட் சொன்ன கம்பெனியையே எடுத்தோம், எங்களுக்கு வேற யாரையும் தெரியாது. அவங்க ஆபீஸ் எங்கேயோ இருக்கு, போன் பண்ணா கால் சென்டர், உங்க கேஸ் ஹேண்ட்லர் லீவ்ல இருக்காங்கம்பாங்க, அடுத்த வாரம் கூப்பிட்டா கேஸ் ஹேண்ட்லரே மாறியிருப்பாங்க, 11 வாரத்துல மூணு பேர் மாறினாங்க, ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து சொல்லணும். இங்க ஃப்ளாட் பெரும்பாலும் லீஸ்ஹோல்டுதான், அதாவது இத்தனை வருஷத்துக்குன்னு குத்தகை மாதிரி கிடைக்கும். 11வது வாரம் ஒரு ஈமெயில் வருது, இந்த ஃப்ளாட்டோட லீஸ்ல 78 வருஷம்தான் மிச்சம் இருக்கு, உங்க பேங்க்கிட்ட கேட்டுக்கோங்கன்னு. 80 வருஷத்துக்கு கீழ போயிட்டா லீஸ் நீட்டிக்கிற செலவு எகிறிடும், விக்கிறதும் கஷ்டம். இது டைட்டில் ரெஜிஸ்டரை, அதாவது லேண்ட் ரெஜிஸ்ட்ரில இருக்கிற உரிமைப் பதிவை, முதல் நாள் திறந்து பார்த்தாலே தெரியுற விஷயங்க! விக்கிறவங்க விலையைக் குறைக்கவும் மாட்டேன், லீஸை நீட்டிச்சும் தர மாட்டேன்னுட்டாங்க, நாங்க விலகிட்டோம். செர்ச் காசு, கட்டடம் எப்படி இருக்குன்னு ஆள் வச்சுப் பார்த்த சர்வே காசு எல்லாம் போச்சு. அன்னைக்கு ராத்திரி டியூட்டிக்கு போற பஸ்ல அழுதுட்டே போனேன்.

ஏஜென்ட் சொல்ற கம்பெனி எல்லாமே மோசம்னு சொல்லல. ஆனா ஒரு வாடிக்கையாளரை அனுப்பினா ஏஜென்ட்டுக்கு ரெஃபரல் ஃபீஸ் கிடைக்கிறது இங்க சகஜம், எவ்வளவுன்னு உங்ககிட்ட சொல்ல வேண்டிய கடமையும் அவங்களுக்கு இருக்கு, அதனால தயங்காம கேளுங்க. அவங்க சொல்ற ஆளைத்தான் எடுக்கணும்னு கட்டாயம் எதுவும் கிடையாது. அந்த 599லயும் ஏமாந்துடாதீங்க, எங்களுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது, அப்புறம் லீஸ்ஹோல்டுக்கு தனி, அப்பா அம்மா தர்ற பணத்துக்கு தனி, ஸ்டாம்ப் டியூட்டி ஃபார்முக்கு தனி, பேங்க் டிரான்ஸ்ஃபருக்கு தனின்னு போட்டு 1100 பக்கம் கொண்டுவந்து விட்டாங்க. சொலிசிட்டர் ஆபீஸ் எல்லாம் வீடு வாங்குற வேலைக்கான கட்டணத்தை வெப்சைட்லயே போடணும்னு 2018 டிசம்பர்ல இருந்து விதி இருக்கு, போன் பண்றதுக்கு முன்னாடி அதைப் படிச்சுட்டு, எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, இடையில டீல் உடைஞ்சா எவ்வளவு கட்டணும்னு எழுத்துல வாங்கிடுங்க.

ரெண்டாவது தடவை நாட்டிங்ஹாம் பக்கத்துல ஹக்னால்ல ஒரு செமி டிடாச்ட் வீடு, அதாவது ஒரு பக்கம் பக்கத்து வீட்டோட ஒட்டினது, 2,40,000 பவுண்ட். வார்டுல கூட வேலை பாக்குற அக்கா, அவங்க மலையாளி, 20 வருஷமா இங்க இருக்காங்க, அவங்கதான் ஒரு சொலிசிட்டரைச் சொன்னாங்க. கடைத்தெருவுல மாடியில சின்ன ஆபீஸ், 50 வயசு தாண்டின அம்மா, கூட ரெண்டு பேர். முதல் போன்லயே நான் கேட்டேன், என் ஃபைலை நீங்களே பாப்பீங்களா, நீங்க லீவ்ல போனா யார் பாப்பாங்க, இப்போ உங்க கையில எத்தனை ஃபைல் இருக்கு, ஈமெயில் போட்டா எத்தனை நாள்ல பதில் வரும், எங்க பேங்கோட பேனல்ல நீங்க இருக்கீங்களான்னு. இந்த பேனல் விஷயத்தை மறந்துடாதீங்க, மார்ட்கேஜ் கொடுக்கிற பேங்கோட லிஸ்ட்ல அந்த சொலிசிட்டர் இல்லைன்னா பேங்க் தன் பக்கத்துக்கு வேற வக்கீல் வச்சு அந்த செலவையும் உங்க தலையில போடலாம். அந்தம்மா ஒண்ணொண்ணுக்கும் நிதானமா பதில் சொன்னாங்க. நான் முன்னாடி பேசின இன்னொரு ஆபீஸ்ல எத்தனை ஃபைல்னு கேட்டதும் பேச்சை மாத்துனாங்க, எனக்கு அதுவே போதுமா இருந்துச்சு.

நேர்ல போன முதல் நாளே அவங்க கேட்ட கேள்வி, உங்க ரெண்டு பேர்ல யார் பேர்லயாவது உலகத்துல எங்கேயாவது வீடு இருக்கா. எங்க வீட்டுக்காரர் பேர்ல தக்கலை பக்கத்துல ஒரு பழைய வீடு இருக்கு, மாமனார் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தது. ஃப்ளாட்டுக்கு ஆன்லைன் ஃபார்ம்ல ஃபர்ஸ்ட் டைம் பையரான்னு இருந்ததுக்கு நாங்க ஆமான்னு டிக் போட்டிருந்தோம், இங்கிலாந்துல முதல் வீடுன்னுதான் நினைச்சோம், யாரும் திருப்பிக் கேக்கல. சட்டம் அப்படி இல்லீங்க, இந்தியாவுல வீடு இருந்தாலும், சும்மா வந்ததா இருந்தாலும் ஸ்டாம்ப் டியூட்டில ஃபர்ஸ்ட் டைம் பையர் சலுகை கிடையாது. அதோட அந்த வீடு 40,000 பவுண்ட் அல்லது அதுக்கு மேல பெறும்னா இரண்டாவது வீட்டுக்கான 5% கூடுதல் வரியும் சேர்ந்துடும், கணவன் மனைவில யார் பேர்ல இருந்தாலும் சரி. 2,40,000 வீட்டுக்கு கணக்கு போட்டுப் பாருங்க, ஃபர்ஸ்ட் டைம் பையருக்கு வரி பூஜ்யம், சாதாரண ரேட்ல 2,300, கூடுதல் ரேட்ல 14,300 பவுண்ட். அந்தம்மா ஊர்ல ஒரு மதிப்பீட்டாளரை வச்சு சர்டிஃபிகேட் வாங்கச் சொன்னாங்க, 30 லட்ச ரூபாய்னு வந்துச்சு, 40,000 பவுண்டுக்கு கீழதான், அதனால 2,300 கட்டினோம். அந்தக் கேள்வியை அவங்க கேக்காம விட்டிருந்தா தப்பான ஸ்டாம்ப் டியூட்டி ஃபார்ம்ல நாங்க கையெழுத்து போட்டிருப்போம், பின்னாடி நோட்டீஸ் வந்தா பொறுப்பு எங்களுதுதான். நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு ஊர்ல ஒரு வீடோ பங்கோ இருக்கும், தயவுசெஞ்சு இதை முதல் நாளே நீங்களா சொல்லிடுங்க.

அப்பா தென்னந்தோப்புல 15 சென்ட் வித்து பணம் அனுப்பினார், அதுக்கும் அதே நாள்லயே என்னென்ன வேணும்னு சொல்லிட்டாங்க: கிரையப் பத்திரம், அதோட சான்றளிச்ச இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, அப்பாவோட பேங்க் ஸ்டேட்மென்ட், பாஸ்போர்ட், இது அன்பளிப்பு திருப்பிக் கேக்க மாட்டேன்னு ஒரு லெட்டர். மணி லாண்டரிங் சட்டத்துக்காக எல்லா சொலிசிட்டரும் கேக்குறதுதான் இது, கடைசி வாரத்துல கேட்டா ஒரு மாசம் தள்ளிப் போயிடும், முதல் வாரமே கேட்டா யாருக்கும் பதற்றம் இல்ல.

உள்ளூர்ங்கிறதுக்கு உண்மையிலேயே மதிப்பு எங்க வருதுன்னா ஊரைத் தெரிஞ்சிருக்கிறதுல. நாட்டிங்ஹாம் டவுனுக்கு அடியில மனுஷன் குடைஞ்ச மணற்கல் குகை 800க்கும் மேல இருக்கு, ஹக்னால் பக்கம் பழைய நிலக்கரி ஊர், அங்க சுரங்கம் மூடினது 1986ல. கோல் மைனிங் ரிப்போர்ட் வந்தப்போ, கடந்த கால சுரங்க வேலைகளோட பாதிப்பு எல்லைக்குள்ள இந்த இடம் வருதுன்னு எழுதியிருந்துச்சு, படிச்சுட்டு எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அந்தம்மா சிரிச்சாங்க, இந்த தெருவுல எல்லா வீட்டுக்கும் இந்த வரி வரும், நான் தேடுறது வேறன்னு சொல்லி, மனை எல்லையில இருந்து 20 மீட்டருக்குள்ள சுரங்க வாய் ஏதாவது இருக்கான்னு சொல்ற பகுதியைக் காட்டினாங்க, இல்லைன்னு இருந்துச்சு.

அவங்க உண்மையிலேயே கவலைப்பட்டது நாங்க கவனிக்கவே செய்யாத ஒண்ணுக்கு. பின்னாடி கிச்சனை நீட்டிக் கட்டியிருந்தாங்க, அதுக்கு பில்டிங் ரெகுலேஷன் சர்டிஃபிகேட், அதாவது விதிப்படி கட்டினதுன்னு கவுன்சில் தர்ற சான்று, இல்ல, தண்ணி கம்பெனி மேப்ல பொது சாக்கடைக் குழாய் சரியா அந்த கிச்சனுக்கு அடியில போகுது. இந்தப் பக்கம் தண்ணி கம்பெனி செவர்ன் ட்ரென்ட், குழாய்க்கு மேல கட்டணும்னா அவங்ககிட்ட அனுமதி வாங்கியிருக்கணும், அதுவும் இல்ல. விக்கிறவங்க செலவுல இண்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ், அதாவது இந்தக் குறையால பின்னாடி நஷ்டம் வந்தா பணம் தர்ற பாலிசி, போட வச்சாங்க, நான் கவுன்சிலுக்கு போன் பண்ணி கேக்கட்டுமான்னு கேட்டதுக்கு பண்ணிடாதீங்க, நீங்க கவுன்சில்ல வாயைத் திறந்தா அந்த பாலிசி செல்லாமப் போயிடும்னு தடுத்தாங்க. அதோட நிக்கல, பாலிசி காசைத்தான் காப்பாத்தும் சுவரைக் காப்பாத்தாது, சர்வேயரை அந்த கிச்சனை மட்டும் தனியா பாக்கச் சொல்லுங்கன்னாங்க. இந்த ஒரு வார்த்தைக்கே கொடுத்த ஃபீஸ் தகும்.

இன்னொரு பக்கமும் சொல்லிடணும். இப்போ அடையாள அட்டை சரிபார்க்கிறது போன்லயே முடியுது, செர்ச் ரிசல்ட் ஆன்லைன்ல வருது, அதனால தூரத்து ஊர்ல இருக்கிற நல்ல சொலிசிட்டரும் இந்த வேலையை நல்லா பண்ணலாம். லெஸ்டர்ல இருக்கிற என் ஃப்ரெண்டுக்கு 100 மைல் தள்ளி இருந்த ஒருத்தர்தான் பண்ணார், அருமையா முடிஞ்சுது, ஏன்னா அவரே போன் எடுத்தார். அதே மாதிரி ஊருக்குள்ள இருக்கிறதாலயே ஒருத்தர் நல்லவர்னு ஆகிடாது. சொலிசிட்டர்னா அவங்களைக் கண்காணிக்கிற எஸ்ஆர்ஏ அமைப்போட ரெஜிஸ்டர்ல, லைசன்ஸ்ட் கன்வேயன்சர்னா (சொத்து வாங்கி விக்கிற சட்ட வேலைக்குன்னே லைசன்ஸ் வாங்கினவங்க) அவங்களைக் கண்காணிக்கிற சிஎல்சி அமைப்போட ரெஜிஸ்டர்ல பேர் இருக்கான்னு பாருங்க, லைசன்ஸ்ட் கன்வேயன்சர் ஒண்ணும் குறைச்சல் இல்ல, அவங்க முக்கியமா இந்த வேலையைத்தான் பண்றவங்க. சொலிசிட்டர் சங்கமான லா சொசைட்டி தர்ற கன்வேயன்சிங் குவாலிட்டி ஸ்கீம் முத்திரை இருந்தா இன்னும் நல்லது. நான் சொல்றது எல்லாம் இங்கிலாந்துக்குதான், வேல்ஸ்ல வீடு வாங்குற முறை இதே மாதிரிதான் ஆனா வரி வேற, ஸ்காட்லாந்துல முறையே வேற.

பணம் அனுப்புற விஷயத்துல மட்டும் யாரையும் நம்பாதீங்க. சொலிசிட்டர் ஈமெயில்ல புகுந்து பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சுன்னு மெயில் போட்டு டெபாசிட்டை அப்படியே சுருட்டிட்டுப் போற கும்பல் இருக்கு. எங்களுக்கு முதல் நாளே பேப்பர்ல அக்கவுண்ட் நம்பரை எழுதிக் கையில கொடுத்து, இது மாறவே மாறாது, மாறிடுச்சுன்னு மெயில் வந்தா நேரா இங்க வாங்கன்னு சொன்னாங்க. எக்ஸ்சேஞ்ச், அதாவது ரெண்டு பக்கமும் ஒப்பந்தம் உறுதியாகிற நாள், அன்னைக்கு டெபாசிட் 24,000 பவுண்ட் அனுப்புறதுக்கு முன்னாடி நான் படியேறிப் போய் நம்பரை திரும்ப ஒரு தடவை ஒத்துப் பார்த்துட்டுதான் அனுப்பினேன்.

கம்ப்ளீஷன் தேதி, அதாவது பணம் முழுசும் போய் சாவி கைக்கு வர்ற நாள், வச்சப்போ எங்க அம்மா ஆடியில வீடு மாறாதே, ஆவணி பிறந்து வெள்ளிக்கிழமை போன்னாங்க. சொலிசிட்டர்கிட்ட அதைச் சொன்னேன், அதுக்கு அவங்க, ஆடி கழியட்டும் பரவாயில்ல ஆனா வெள்ளி வேண்டாம், எல்லாரும் வெள்ளிக்கிழமையே கேப்பாங்க, பேங்க் பணம் சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா திங்கள் வரைக்கும் சாமானோட வேன்ல நிக்கணும்னு சொன்னாங்க. பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுன்னு அம்மாவே ஒத்துக்கிட்டாங்க. 2025 ஆகஸ்ட் 20, புதன்கிழமை மதியம் சாவி கைக்கு வந்துச்சு, சாயங்காலமே பால் காய்ச்சிட்டோம்.

நீங்க பாக்குறது வீடா ஃப்ளாட்டான்னு கேள்வில சொல்லல. ஃப்ளாட்டா இருந்தா யாரையும் அமர்த்துறதுக்கு முன்னாடி, இன்னைக்கே லேண்ட் ரெஜிஸ்ட்ரியோட அரசாங்க சைட்ல 7 பவுண்ட் கட்டி அதோட டைட்டில் ரெஜிஸ்டரை டவுன்லோட் பண்ணுங்க, லீஸ் எந்த தேதில ஆரம்பிச்சுது எத்தனை வருஷத்துக்குன்னு அதுலயே இருக்கும், எத்தனை வருஷம் மிச்சம்னு கழிச்சுப் பாருங்க. 90க்கு கீழ வந்தா கமென்ட்ல சொல்லுங்க, சொலிசிட்டர்கிட்ட முதல் போன்ல என்ன கேக்கணும்னு எழுதித் தர்றேன்.