72 லட்ச ஃபிளாட், 16 லட்சம் கையிருப்பு: மாத இறுதிக்குள் அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 31 வயது, மனைவிக்கு 29. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, கைக்கு வருவது 82,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 36,000. மேடவாக்கத்தில் 19,000 வாடகையில் இருக்கிறோம். ஊருக்கு 8,000 அனுப்புகிறேன், மாதம் 25,000 சேமிக்கிறோம், கையில் 16 லட்சம் இருக்கிறது. பெரும்பாக்கம் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு படுக்கையறை ஃபிளாட் 72 லட்சம் சொல்கிறார்கள். பேங்க் 57 லட்சத்துக்கு மேலேயே தரும் போல இருக்கிறது. மீதிக்கு மாமனார் 5 லட்சம், நகைக் கடன் 5 லட்சம், பெர்சனல் லோன் 6 லட்சம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். திருச்சியில் இருக்கும் அப்பா, "வாடகை கொடுப்பதெல்லாம் வீண், முடியாவிட்டால் இங்கே ஒரு மனையாவது வாங்கிப் போடு" என்கிறார். கம்பெனிக்குக் கோவையிலும் ஆபீஸ் இருக்கிறது, அங்கே விலை குறைவு என்கிறார்கள் நண்பர்கள். மாத இறுதிக்குள் 2 லட்சம் கொடுத்தால்தான் இந்த விலை என்கிறார் பில்டர். அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன் தம்பி, அந்த 2 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். வீடே வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. இந்த வீட்டை, இந்தக் கையிருப்பில், இப்படி நாலு பக்கமும் கடன் வாங்கி வாங்கக்கூடாது என்கிறேன். ஏன் என்று உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம்.

72 லட்சம் என்பது பில்டர் சொல்லும் விலை, வீட்டின் விலை அல்ல. கட்டிமுடிக்காத ஃபிளாட் என்பதால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது 3.6 லட்சம். தமிழ்நாட்டில் புது ஃபிளாட்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். கிட்டத்தட்ட 5 லட்சம் எடுத்து வையுங்கள். கார் பார்க்கிங், மின் இணைப்பு, தண்ணீர், பராமரிப்பு முன்பணம் என்று பேப்பரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பவை ஒரு 3 லட்சம். அப்புறம் சமையலறை அலமாரி, வார்ட்ரோப், ஃபேன், லைட், கிரில் கேட், எவ்வளவு சிக்கனமாகச் செய்தாலும் 5, 6 லட்சம் ஆகிவிடும். கூட்டிப் பாருங்கள், 90 லட்சத்தைத் தொடுகிறது.

பேங்க் எவ்வளவு தரும்? ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம், பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. 72இல் 80 சதவீதம் 57.6 லட்சம். மீதி 32 லட்சம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும், உங்களிடம் இருப்பது 16. நீங்கள் போட்ட கணக்கு குறையும் மற்றப் பதினாறைத்தான் மாமனார், நகை, பெர்சனல் லோன் என்று நிரப்புகிறது. உங்கள் வயதில் வீடு தேடும் பலருக்கும் மாதத் தவணை அல்ல, இந்த முன்பணம்தான் பெரிய மலை. அதைக் கடனாலேயே ஏறப் பார்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

இப்போது மாதக் கணக்கு. வட்டி 8 சதவீதம், 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். 57.6 லட்சத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 48,200. பெர்சனல் லோன் 6 லட்சம் 12 சதவீதத்தில் 5 வருடத்துக்கு 13,300. நகைக் கடனுக்கு வட்டி மட்டும் மாதம் 4,000. கட்டுமானம் ஏற ஏறத்தான் பேங்க் பணத்தை விடும் என்பதால் ஆரம்பத்தில் சுமை குறைவாகத் தெரியும். ஆனால் முழுக் கடனும் வெளியே போய், சாவி இன்னும் கைக்கு வராத அந்த மாதங்களில் 19,000 வாடகையும் சேர்ந்து 84,500 ஆகிவிடும். உங்கள் இருவர் சம்பளம் 1,18,000. ஊருக்கு அனுப்பும் எட்டாயிரம் போனால் மிச்சம் 25,500. இப்போது வாடகை, ஊர்ப்பணம், சேமிப்பு மூன்றும் போக உங்கள் வீட்டில் மாதம் 66,000 செலவாகிறது, இது நீங்கள் கொடுத்த எண்களிலிருந்தே வருவது. அறுபத்தாறை இருபத்தைந்தாக ஒரே நாளில் யாராலும் சுருக்க முடியாது, அதுவும் குழந்தை வரப்போகும் வருடத்தில். உங்கள் மனைவி ஒரு வருடம் வேலையை விட்டு வீட்டில் இருந்தால் உங்கள் 82,000 தவணைகளுக்கும் வாடகைக்குமே போதாது. இதை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

"வாடகை வீண்" என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் அப்பா அன்பினால்தான் சொல்கிறார், ஆனால் கணக்கு வேறு. 57.6 லட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி மட்டும் 38,400. நீங்கள் கட்டும் 48,200இல் அசலில் கழிவது பத்தாயிரத்துக்கும் குறைவு. இப்போது வீட்டு உரிமையாளருக்கு 19,000 கொடுக்கிறீர்கள், அப்புறம் பேங்குக்கு 38,400 கொடுப்பீர்கள். திரும்பி வராத பணம் என்று பார்த்தால் இரண்டாவதுதான் இரண்டு மடங்கு. வருடம் ஆக ஆக அசல் கூடும், வீட்டு விலையும் ஏறலாம், சொந்த வீட்டின் நிம்மதிக்கு விலை கிடையாது, இதெல்லாம் உண்மை. ஆனால் வாடகை கொடுப்பதால் மாதம் 19,000 நஷ்டப்படுகிறோம் என்ற பதற்றத்தில் முடிவெடுக்க வேண்டாம்.

வட்டி இப்படியே இருக்கும் என்றும் நம்பாதீர்கள். ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி, 2022 மே வரை 4 சதவீதம், 2023 பிப்ரவரியில் 6.5, பிறகு 2025இல் படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25. பேங்குகளின் புதிய மிதவை வட்டி வீட்டுக் கடன்கள் 2019 அக்டோபரிலிருந்து இது போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, பெரும்பாலும் ரெப்போவோடு. 2022 தொடக்கத்தில் 6.75 சதவீதத்தில் 20 வருடத்துக்கு 50 லட்சம் வாங்கியவருக்கு இ.எம்.ஐ. 38,000. வட்டி 9.25 ஆனபோது அந்த 50 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 38,500. அதாவது பழைய தவணையைக் கட்டினால் வட்டிகூடத் தீராது. பலருக்கு பேங்க் தவணையை ஏற்றாமல் வருடத்தை நீட்டியது, அவர்களுக்கே தெரியாமல் 20 வருடக் கடன் ஓய்வு பெறும் வயதைத் தாண்டியது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் அளவுக்குப் போனது. உங்கள் 48,200 என்ற எண்ணில் இன்னும் ஐந்தாறாயிரம் ஏறினால் தாங்குமா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

வரி மிச்சமாகுமே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். புதிய வரி முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது. 2025-26 முதல் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை, நீங்கள் அதற்குள்தான் வருவீர்கள் என்று தோன்றுகிறது. ஆகவே அந்தக் காரணத்தை அடித்துவிடுங்கள். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் வட்டி மானியமும் உங்களுக்கு வராது, ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீடு 35 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதைப் படிக்கும் மற்றவர்கள் யாராவது அந்த வரம்புக்குள் இருந்தால், நாட்டில் எங்கேயும் சொந்தப் பக்கா வீடு இல்லாமல் இருந்தால், கட்டாயம் விண்ணப்பியுங்கள், 1.80 லட்சம் வரை தவணையாக வரும்.

சரி, ஊர்கள் விஷயம். நைட் ஃபிராங்க் என்ற சொத்துச் சந்தை ஆலோசனை நிறுவனம் 2024க்குப் போட்ட கணக்கில், சராசரிக் குடும்ப வருமானத்தில் இ.எம்.ஐ.க்குப் போகும் பங்கு மும்பையில் பாதி, சென்னையில் கால்வாசி, அகமதாபாத்தில் ஐந்தில் ஒன்று. இதைப் பார்த்துச் சென்னை பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் இது ஊரின் சராசரி, உங்கள் வீட்டுக் கணக்கில் தவணை 41 சதவீதம், மற்ற கடன்களைச் சேர்த்தால் 55. ரிசர்வ் வங்கி 13 நகரங்களில் எடுத்த கணக்கெடுப்பில் வீட்டு விலை மாத வருமானத்தைப் போல 2015 மார்ச்சில் 56 மடங்காக இருந்தது, 2019 மார்ச்சில் 61.5 ஆகியிருந்தது. உங்கள் 72 லட்சமும் உங்கள் இருவர் மாதச் சம்பளத்தில் சரியாக 61 மடங்கு. உங்கள் கஷ்டம் உங்கள் திறமைக்குறைவால் வந்ததல்ல, அதை மட்டும் மனதில் வையுங்கள்.

கோவை? அங்கே மாற்றல் நிச்சயமாகக் கிடைக்கும், மனைவிக்கும் பள்ளி வேலை கிடைக்கும், இருவரும் ஏழெட்டு வருடம் அங்கே இருப்பீர்கள் என்றால் மிக நல்ல யோசனை. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் மாற்றல், ஒரு வருடம் வாடகை, பிறகு வீடு. வீடு மலிவு என்று வாங்கிப்போட்டுவிட்டு வேலை சென்னையில் இருந்தால் இரண்டு ஊர் செலவு. சென்னையில் வாங்கியபின் மாற்றல் வந்தாலும் அதே கதைதான், வாங்கும்போது பத்திரத்துக்குக் கொடுத்த ஏழு சதவீதமும் (பழைய வீடானால் ஒன்பது) புரோக்கர் கமிஷனும் விற்கும்போது திரும்பி வராது. மேலதிகாரியிடம் இந்த மாதமே வாய்விட்டுக் கேளுங்கள்.

திருச்சி மனை வேண்டாம். கூரையும் தராது, வாடகையும் தராது, மேடவாக்கத்தில் 19,000 கொடுப்பது நிற்காது. அப்பாவின் வீடு அங்கே இருக்கும்போது அது அவசரமும் இல்லை.

உங்களால் முடிவது எவ்வளவு? ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடக்க வேண்டும் என்று வைத்தால் தவணை 35,000க்குள். அதற்குக் கடன் 42 லட்சம். கையிருப்பில் 5 லட்சத்தை அவசரத்துக்கு என்று தனியே வைத்துவிட்டால் மிச்சம் 11, பத்திரச் செலவு, முன்பணம் எல்லாம் போக இன்று 35 லட்ச ரூபாய் வீடுதான் வரும், அது உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே முப்பது மாதம் பொறுங்கள். பெரும்பாக்கம் ஃபிளாட்டை வாங்கிவிட்டதாகவே நினைத்து, 48,000 தவணை, 4,000 பராமரிப்பு, அதில் வாடகை 19,000ஐக் கழித்து மாதம் 33,000 ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள். இப்போது சேமிப்பதைவிட எட்டாயிரம்தான் கூடுதல். ஆறு மாதம் மூச்சுத் திணறாமல் போட முடிந்தால் அதுவே உங்கள் தகுதிச் சோதனை. குழந்தை வந்து நடுவில் குறைக்க நேர்ந்தால் குறைத்துக்கொள்ளலாம், பேங்க் தவணையில் அந்தச் சலுகை கிடையாது. முழுதாகப் போட்டால் வட்டியோடு பத்தரை லட்சம் சேரும், பழைய பதினாறும் சேர்ந்தால், அதன் வட்டியைக் குறைத்துப் போட்டாலும் 27. ஐந்தைத் தனியே வைத்தால் 22. அப்போது 55 லட்ச வீடு, நகையைத் தொடாமல்.

அதற்குள் விலை ஏறிவிட்டால்? ஏறலாம், அப்படியானால் சற்றுத் தள்ளியோ சற்றுச் சிறியதாகவோ கிடைக்கும். உங்கள் சம்பளமும் நின்ற இடத்திலேயே நிற்காது. அந்த இழப்பு, மூன்று கடன்களோடு ஒரு வேலை போனால் வரும் இழப்பைவிடச் சிறியது.

தேடும்போது பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன பழைய ஃபிளாட்டுகளையும் பாருங்கள். ஜி.எஸ்.டி. இல்லை, உடனே குடிபோகலாம், வாடகையும் தவணையும் ஒன்றாகக் கட்ட வேண்டாம். பத்திரச் செலவு மட்டும் 9 சதவீதம். எவ்வளவு சதுர அடி என்று கேட்பதற்கு முன்னால் யு.டி.எஸ்., அதாவது நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்று கேளுங்கள், கட்டடம் பழசாகும், நிலத்தில் உங்கள் பங்குதான் மதிப்பைத் தாங்கும். தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா, பிளான் அப்ரூவல் எல்லாவற்றையும் நீங்களே பணம் கொடுத்து அமர்த்தும் வக்கீலிடம் காட்டுங்கள், பேங்க் வக்கீல் பார்த்தாரே என்று விட்டுவிடாதீர்கள். விற்பவர் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டால் விலகிவிடுங்கள். இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி தவறு, போதாததற்குப் பத்திரத்தில் மதிப்பைக் குறைத்துக் காட்டினால் உங்கள் கடனும் குறையும்.

மாமனாரின் 5 லட்சம் அவருடைய ஓய்வுக்காலப் பணமா என்று மனைவியிடம் கேளுங்கள். அப்படியானால் அது அவரிடமே இருக்கட்டும். நகை விஷயத்திலும் உங்கள் கடிதத்தில் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. இந்த எண்களை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

பில்டரிடம் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் விற்பனை ஒப்பந்த நகலையும் மட்டும் கேட்டுப் பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக்கூடாது என்பது சட்டம். எப்படியும் நீங்கள் வாங்கப்போவதில்லை, ஆனால் மாத இறுதிக்குள் என்று அவசரப்படுத்தியவர் அந்த இரண்டையும் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். ரெக்கரிங் டெபாசிட்டை வருகிற 5ஆம் தேதியே தொடங்கிவிடுங்கள். ஆறு தவணை போட்டதும் பாஸ்புக் எண்களோடு மறுபடி எழுதுங்கள், அப்போது எந்தப் பகுதியில் தேடலாம் என்று பேசுவோம்.