பக்கவாதத்துக்குப் பிறகு தடுப்பூசி: கேளுங்கள், சொல்கிறேன்

பக்கவாத நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஃபுளூ, கோவிட், அக்கி ஊசிகள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து 2 மாதம் ஆகிறது. ஃபுளூ ஊசி போட்டால் கை கால் சீக்கிரம் வரும் என்கிறார் ஒருவர், போடவே கூடாது என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

இரண்டையுமே நம்பாதீர்கள். ஊசி மூளையைச் சரிசெய்யாது. ஆனால் முதல் 3 முதல் 6 மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அந்த நேரத்தில் ஃபுளூ வந்து பத்து நாள் படுத்துவிட்டால் பயிற்சி நின்றுபோகும், தசை இளைக்கும், விழுங்கச் சிரமப்படுகிறவர் என்றால் நிமோனியா வரை இழுத்துக்கொண்டு போகும். அந்த மாதங்களைக் காப்பாற்றத்தான் ஊசி. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இப்போது காய்ச்சல் இருந்தால் மட்டும் அது தணியட்டும்.

ஊசியாலேயே மறுபடி ஸ்ட்ரோக் வராதா?

2004-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில், நெஞ்சுச் சளித் தொற்று வந்த முதல் 3 நாளில் ஸ்ட்ரோக் அபாயம் சுமார் 3 மடங்கு ஆனது, ஃபுளூ ஊசிக்குப் பிறகு அப்படி எதுவும் கூடவில்லை. அபாயம் நோயில்தான். கோவிட் ஊசிகளில் அடினோவைரஸ் வகைக்கு (கோவிஷீல்டு போன்றவை) மட்டும் மிக அரிதாக, ரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூளையின் ரத்தக்குழாயில் (சிரையில்) ரத்தம் உறையும் சிக்கல் வந்தது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஊசி போட்ட இரவு அம்மாவுக்குக் காய்ச்சல். நன்றாகிவிட்ட இடது கை மறுபடி துவண்டது, பேச்சும் குழறியது. மறுநாள் சரியாகிவிட்டது. ஏன்?

மூளையில் ஆறிய இடம் காய்ச்சலைத் தாங்காது. உடம்பு சூடானாலோ தொற்று வந்தாலோ பழைய பலவீனம் தற்காலிகமாக எட்டிப்பார்க்கும், தூக்கம் கெட்டாலும் கூட. ஆனால் இதை வைத்து "ஊசிக் காய்ச்சல்தானே" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள் அம்மா. புது ஸ்ட்ரோக்கா பழையதன் நிழலா என்பதை வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ரத்த உறைவைக் கரைக்கும் மருந்துக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு, அதனால் வாய் கோணினாலோ கை தொங்கினாலோ உடனே ஆம்புலன்ஸ். அடுத்த முறை ஊசி போடும்போது நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள், காய்ச்சல் மாத்திரை எப்போது கொடுக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். எந்தக் கையில் போட்டுக்கொள்வது?

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதுதான் ஆபத்து. ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெல்லிய ஊசியில் போடச் சொல்லி, 2 நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள், தேய்க்க வேண்டாம். கை விஷயம் பலரும் யோசிப்பதில்லை. நல்ல கையில் போட்டால் ஓரிரு நாள் கைத்தடி ஊன்ற வலிக்கும், வாதக் கையில் ஏற்கனவே தோள்வலி இருந்தால் அது கூடும். ஊசி போடுகிறவரிடம் இதைச் சொன்னால் தொடையிலும் போடலாமா என்று பார்ப்பார்கள்.

அக்கி ஊசியும் வேண்டுமா?

50 வயதுக்கு மேல் என்றால் கேளுங்கள். அக்கி வைரஸ் மூளை ரத்தக்குழாயின் சுவரையே தாக்கக்கூடியது, கண்ணைச் சுற்றி வந்தால் கவலை இன்னும் அதிகம். உயிருள்ள வைரஸ் இல்லாத ஊசி இருக்கிறது, 2 தவணை, 2 முதல் 6 மாத இடைவெளி.

வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களும் போட வேண்டுமா?

கண்டிப்பாக. பாதுகாப்பு வர சுமார் 2 வாரம் ஆகும், ஃபுளூ பரவத் தொடங்கும் முன்பே எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள்.