பின்சீட்டில் இருந்தது யார்?

வணக்கம் சார்,

நான் எதையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது அற்புத சுகம் என்று வீடியோ போட்டால், அது எங்கே எடுத்தது என்று தேடிப் பிடித்துப் போட்டு சித்தப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவன். பூசைக்குப் போவது கிறிஸ்துமஸுக்கு மட்டும். ஆனால் காவல் சம்மனசு, அதாவது கூடவே இருந்து காக்கிற வானதூதர், மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

போன வருஷம் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குத் தனியாகக் காரில் வந்தேன். எட்டயபுரம் தாண்டி, விடியப் போகிற நேரம். பின்சீட்டிலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயர். கண்ணைத் திறந்தபோதுதான் அது மூடியிருந்ததே தெரிந்தது. எதிரே விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. எப்படியோ பிரேக் பிடித்துவிட்டேன். அன்றிலிருந்து கார் எடுக்கும்போதெல்லாம் சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த சம்மனசு ஜெபம் தானாக வாயில் வருகிறது. "உங்க பகுத்தறிவெல்லாம் டோல்கேட் வரைக்கும்தானா?" என்று மனைவி கேட்கிறாள். இப்போது அம்மா அதே ஜெபத்தை என் ஏழு வயது மகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார். தடுக்கவும் மனமில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. நான் இரட்டை வேடம் போடுகிறேனா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தூக்கத்தைப் பேசிவிடுவோம். உறக்கத்துக்குள் நழுவுகிற நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலக் கேட்பது பலருக்கும் நடப்பதுதான். படுக்கையில் கேட்டிருந்தால் புரண்டு படுத்திருப்பீர்கள். உங்கள் கையில் ஸ்டியரிங் இருந்தது. ஆகவே இனிமேல் விடிய விடிய ஓட்டாதீர்கள், மதுரையில் அறை எடுத்துப் படுத்துவிட்டு வாருங்கள். சம்மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் மாற்றமில்லை.

ஆனால் உங்களை அசைத்தது குரல் மட்டுமில்லை, ஆளில்லாத காரில் ஓர் ஆள் இருந்தார் என்ற உணர்வு. உங்களைவிடக் கறாரான மனிதர்களுக்கும் அது வந்திருக்கிறது.

1933இல் எவரெஸ்ட் ஏற முயன்ற பிராங்க் ஸ்மைத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூட வந்த ஷிப்டன் உடல்நிலை சரியில்லாமல் திரும்பிவிட, ஸ்மைத் 8,500 மீட்டருக்கு மேல் தனியாக, ஆக்சிஜன் உருளை இல்லாமல் ஏறினார். வழி முழுக்கப் பக்கத்தில் ஒருவர் வருவதாகவே இருந்தது. அவரோடு ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதாகவும், தான் சறுக்கினால் அவர் பிடித்துக்கொள்வார் என்றும் தோன்றியது. ஓரிடத்தில் நின்று, பையிலிருந்த புதினா மிட்டாய்க் கட்டியை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கொடுக்கத் திரும்பினார். யாருமில்லை. அன்று இறங்கி வரும்போது வானத்தில் பலூன் போல இரண்டு கரிய உருவங்கள் மிதப்பதையும் பார்த்தார். உடனே அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பார்வையை விலக்கி, சுற்றியிருந்த சிகரங்களையும் பள்ளத்தாக்குகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லிப் பார்த்தார், மூளை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று. செய்தது. திரும்பிப் பார்த்தால் அவை அங்கேயே இருந்தன. இரண்டையும் மறைக்காமல் எழுதிவைத்தார். சந்தேகப் புத்தி என்றால் இதைத்தான் சொல்வேன்.

அண்டார்க்டிகாவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட ஷாக்கிள்டன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கப்பல் பனிக்கடலில் நொறுங்கி மூழ்கியபின், 1916 மே மாதம் அவரும் அவர் குழுவின் வொர்ஸ்லியும் கிரீனும் தெற்கு ஜார்ஜியாத் தீவின் மலைகளை 36 மணி நேரம் நடந்தே கடந்து திமிங்கில வேட்டை நிலையத்தை அடைந்தார்கள். நடந்தது மூவர். தாங்கள் நால்வர் என்றே பல நேரம் தோன்றியதாக ஷாக்கிள்டன் பின்னால் எழுதினார். அவர் வாய் திறக்குமுன் வொர்ஸ்லி தானாகவே அதைச் சொன்னாராம்; கிரீனும் ஒப்புக்கொண்டாராம்.

மூளை ஆய்வாளர்கள் இதைச் சும்மா விடவில்லை. 2006இல் சுவிட்சர்லாந்தில் ஒலாஃப் பிளாங்கேயின் குழு, வலிப்பு நோய்க்காகப் பரிசோதனையில் இருந்த 22 வயதுப் பெண்ணின் இடது பொட்டுக்குப் பின்னே ஓரிடத்தை மின்னோட்டத்தால் தூண்டியது. உடனே அவருக்குப் பின்னால் ஒரு நிழல் ஆள் வந்தார். இவர் படுத்தால் அவரும் படுத்தார். இவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அவர் தன்னைக் கட்டிப்பிடிப்பது போலிருந்தது. அது அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவேயில்லை. நம் உடல் எங்கே இருக்கிறது என்று மூளை போடும் கணக்கு குழம்பினால், நம்மையே இன்னொருவராக உணர்கிறோம் என்பது அவர்கள் விளக்கம். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆய்வறையில் அருவருப்பாக வந்த அதே ஆள், பனிமலையில் துணையாக வந்தது ஏன் என்பதற்கு மட்டும் மின்முனையில் விடை இருப்பதாகத் தோன்றவில்லை. அந்த மலையில் அவர்களுக்கு என்ன தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே "கூட ஒருவர் இருந்தார்" என்று நீங்கள் சொன்னால் எனக்குச் சண்டையில்லை. அது உங்களுக்கு நடந்தது, நடந்ததைச் சொல்கிறீர்கள். "அவர் என்னைக் காப்பாற்றினார்" என்னும்போதுதான் நான் நிறுத்துவேன். முதலாவது அனுபவம். இரண்டாவது கணக்கு, கணக்கென்றால் இரு பக்கமும் எழுத வேண்டும்.

ஷாக்கிள்டன் பயணத்துக்கே இன்னொரு பக்கம் உண்டு. கண்டத்தைக் குறுக்கே கடந்து வரப்போகும் அவருக்காக, எதிர்ப்புற ராஸ் கடல் கரையிலிருந்து ஒரு குழு வழியெங்கும் உணவு புதைத்துக்கொண்டிருந்தது. அவர் வரவேயில்லை. அந்தக் குழுவில் ஸ்பென்சர்-ஸ்மித் என்ற ஆங்கிலிகன் குருவானவர் இருந்தார். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் முற்றி நடக்க முடியாமல் வாரக்கணக்கில் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துவரப்பட்டு, 1916 மார்ச் 9 அன்று பனியிலேயே இறந்தார். அதே குழுவின் மெக்கிண்டாஷும் ஹேவர்டும் மே 8 அன்று கடல் பனிமேல் நடந்து போனார்கள், புயல் வந்தது, பிறகு யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. நாட்காட்டியில் அதே மே 8இல்தான் ஷாக்கிள்டனின் படகு தெற்கு ஜார்ஜியாவின் பாறைகளைக் கண்டது. ஸ்பென்சர்-ஸ்மித்தைவிட அதிகமாக ஜெபித்தவர் அந்தப் பயணத்தில் இருந்திருப்பாரா என்ன? மெக்கிண்டாஷின் பக்கத்திலும் ஒருவர் நடந்தாரோ என்னவோ, வந்து சொல்லத்தான் ஆளில்லை.

(எங்கள் பக்கத்தில் இந்த விவகாரம் கொஞ்சம் நேரடியானது. கிடா வாங்கிக்கொண்டு காவல் காக்காத கருப்பசாமியை, "உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கோயில் வாசலிலேயே நின்று திட்டுவார்கள். சம்மனசைத் திட்டும் வசதி உங்களுக்கு இல்லை.)

உங்கள் வேதத்திலும் இந்தச் சிக்கல் பேசப்பட்டிருக்கிறது. வழியெல்லாம் உன்னைக் காக்கத் தூதர்களுக்குக் கட்டளையிடுவார் என்ற 91ஆம் திருப்பாடல் வரியை மத்தேயு நற்செய்தியில் இயேசுவிடம் எடுத்துச் சொல்வது யார்? சாத்தான். கோயில் உச்சியில் நிறுத்தி, குதி, தாங்கிக்கொள்வார்கள் என்கிறான். அவர் குதிக்கவில்லை. அந்த வாக்கை அவர் பொய் என்று சொல்லவில்லை, காப்பீட்டுப் பத்திரமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஜெபம் சொல்லிவிட்டு சீட் பெல்ட்டும் போடுகிறீர்கள் அல்லவா? பிறகென்ன இரட்டை வேடம்? மனைவியிடம் டோல்கேட் வரைக்கும்தான் என்று ஒப்புக்கொண்டுவிடுங்கள், வீட்டில் நிம்மதி.

மகள் விஷயத்தில் பாட்டியின் வகுப்பில் தலையிடாதீர்கள். இருட்டில் தனியாகப் படுக்கிற குழந்தைக்குக் கூட ஒருவர் இருப்பது நல்லதுதான். லாரி கதையை மட்டும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். அவள் பள்ளியில் விபத்தில் அப்பாவை இழந்த பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். அந்த அங்கிளின் சம்மனசு அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று அவள் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. என்னிடமும் இல்லை.

அன்புடன்.