மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார் வண்டிகளுக்குப் பெரிய டயர்: கேள்வி பதில்

கே (கோவை): அண்ணா, ஜிம்னி 5 டோர். 235/75 ஆர்15 போட ஆசை. 2 இன்ச் லிஃப்ட் போட்டால் எங்கேயும் இடிக்காது என்கிறார் டயர் கடைக்காரர். நம்பலாமா?

ப: நம்பாதீர்கள். லிஃப்ட், அதாவது உயரமான ஸ்பிரிங் போடுவது, பாடியைத்தான் தூக்குகிறது. பள்ளத்தில் ஒரு சக்கரம் முழுசாக மேலே ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி, ஆக்ஸில் பம்ப் ஸ்டாப்பில் (அது மேலே ஏறுவதைத் தடுக்கும் ரப்பர் கட்டை) போய் நிற்கும். ஸ்பிரிங் எத்தனை உயரமாக இருந்தாலும் ஆக்ஸில் முட்டி நிற்கும் அந்த இடம் மாறாது. நிற்கும் வண்டியில் வீல் ஆர்ச்சுக்குள் கையை விட்டுப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். 235/75 ஆர்15 என்றால் அகலம் 235 மி.மீ., சுவர் உயரம் அகலத்தில் 75 சதவீதம், ரிம் 15 இன்ச். கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் 693 மி.மீ. 235/75 என்றால் 733. ஆக்ஸிலுக்குக் கீழே உங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் உயரம் 20 மி.மீ. மட்டும். அதே 20 மி.மீ. பம்பரையும் லைனரையும் (வீல் ஆர்ச்சின் உள் உறை) நெருங்கும். கூடவே, கம்பெனி ரிம் 5.5ஜே (5.5 இன்ச் அகலம்), 235 டயருக்குக் குறைந்தது 6ஜே வேண்டும். உள்பக்கம் ரேடியஸ் ஆர்மில் (ஆக்ஸிலைச் சேஸிஸோடு பிடிக்கும் கை) உரசாமலிருக்க டயரை வெளியே தள்ளும் ரிம்மை வாங்குவீர்கள். ஸ்டியரிங்கை ஒடித்தால் வெளியே தள்ளிய டயர் பெரிய வட்டமாகச் சுற்றி, முன்பக்கம் பம்பரின் கீழ் மூலையிலும் பின்பக்கம் லைனரிலும் இடிக்கும். பெரும்பாலும் பம்பர் மூலையை வெட்ட வேண்டிவரும்.

காசு கொடுக்கும் முன் ஒரு டயரை மட்டும் மாட்டிச் சோதியுங்கள். முன் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றுங்கள். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப்பில் முட்டும் வரை ஏற்றுங்கள். டயரின் தோள் முழுக்க சாக்பீஸ் தடவிக்கொண்டு, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி ஸ்டியரிங்கை இடது கடைசி, வலது கடைசி வரை ஒடியுங்கள். வெள்ளை ஒட்டிய இடமெல்லாம் இடிக்கும் இடம். பிறகு ஒரு பக்கத்தை ஏற்றி மறுபக்கத்தை இறக்கியும் பாருங்கள். சாய்ந்த ஆக்ஸில் டயரின் மேல் விளிம்பை வேறு இடத்தில் கொண்டுபோய் முட்டும். நேராகச் சோதித்து விட்டுவிடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இடித்தால் இரண்டே வழி. ஒன்று வெட்ட வேண்டும், இல்லையென்றால் பம்ப் ஸ்டாப்பை நீளமாக்க வேண்டும். நீளமாக்கினால் சக்கரம் மேலே ஏறும் அளவு குறைந்துபோகும். அதற்கு 215/75 ஆர்15 போடுவது மேல். விட்டம் 703, கம்பெனி ரிம்மிலேயே உட்காரும், லிஃப்ட் தேவையில்லை.

கே (சேலம்): ஜிம்னிக்கு 2 இன்ச் ஸ்பிரிங் போட்ட பிறகு 70 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது. பேலன்சிங் இரண்டு தடவை செய்தாயிற்று.

ப: பேலன்சிங் சரியென்றால் காஸ்டர் கோணத்தை (சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) பாருங்கள். ஜிம்னியில் முன் ஆக்ஸிலை ரேடியஸ் ஆர்ம் பிடித்திருக்கிறது. வண்டி உயர்ந்தால் ஆக்ஸில் உருண்டு காஸ்டர் குறையும், ஸ்டியரிங் நேராக நிற்காது. காஸ்டர் புஷ் அல்லது ஆர்மை இறக்கும் பிராக்கெட் போட்டு, அலைன்மெண்ட் கடையில் காஸ்டரின் அளவை எழுதி வாங்குங்கள்; டோ (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். பேன்ஹார்ட் ராடும் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) லிஃப்டில் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் இழுக்கும். வீல் ஆர்ச்சிலிருந்து தூக்குக்குண்டு விட்டு இரு பக்கமும் அளந்து, வித்தியாசம் இருந்தால் நீளம் மாற்றக்கூடிய ராடு போடுங்கள். கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங், பேன்ஹார்ட் புஷ் இரண்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கே (மதுரை): லிஃப்ட் இல்லாமல் ஜிம்னியில் 235 ஏறுமா?

ப: லிஃப்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடிக்கும் இடம் அதேதான். முதல் பதிலைப் படியுங்கள்.

கே (நாகர்கோவில்): மணலில் ஓட்டத்தான் டயர் மாற்றுகிறேன். பட்டையான டயர்தானே மணலில் புதையாது? நீங்கள் 215 என்கிறீர்களே.

ப: மணலில் காற்றழுத்தம்தான் பேசும். ஆள், சாமானோடு ஜிம்னியில் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 350 கிலோ என்று வையுங்கள். 26 பி.எஸ்.ஐ. காற்றில் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 190 சதுர செ.மீ. 15க்கு இறக்கினால் 330. டயர் 195 ஆனாலும் 235 ஆனாலும், ஒரே அழுத்தத்தில் பரப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், வடிவம்தான் மாறும். காற்றை இறக்கினால் தடம் நீளும், மணலில் வேண்டியது அந்த நீளம்.

கே (நாகர்கோவில், மறுபடி): அப்படியானால் பாலைவனத்தில் ஏன் பட்டை டயர் போடுகிறார்கள்? கணக்கு வேறு, மணல் வேறு சார்.

ப: நியாயமான கேள்வி. பெரிய டயரில் காற்றின் கொள்ளளவு அதிகம், சுவர் உயரம் அதிகம். அதனால் ரிம் தரையில் அடிக்காமல் இன்னும் கீழே இறக்கலாம். பயன் அங்கிருந்துதான் வருகிறது. அகலம் மட்டும் கூட்டி, 26லேயே ஓட்டினால் புதையத்தான் செய்யும்.

கே (தஞ்சாவூர்): சேற்றுக்கும் இதே கணக்கா? எங்கள் வயல் பாதையில் ஒல்லி டயர் டிராக்டர்தான் போகிறது.

ப: அடியில் கெட்டித் தரை இருந்தால் ஒல்லி டயர் சேற்றைக் கிழித்து அதைப் பிடித்துக்கொள்ளும். அடி காணாத சேற்றில் ஒல்லி டயர் இறங்கிக்கொண்டே போகும், அங்கே பெரிய தடம் வேண்டும். முதலில் ஒரு கம்பை விட்டு ஆழம் பாருங்கள். எதற்காக இறக்கினாலும், தார் ரோட்டுக்கு ஏறுமுன் காற்றை நிரப்பிவிடுங்கள். 15 பி.எஸ்.ஐ.யில் வேகமாகப் போனால் டயர் சுவர் சூடேறி வெடிக்கும். காற்றடிக்கும் பம்ப் கையில் இல்லையென்றால் இறக்கவே வேண்டாம்.

கே (ஈரோடு): தார், 255/65 ஆர்18. முன்பக்கம் டாப் ஸ்பேசர் (ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கும் கட்டை) போட்டு 3 இன்ச் ஏற்றி 285/70 ஆர்17 போடலாமா?

ப: 3 இன்ச் வேண்டாம். தாரின் முன் சஸ்பென்ஷன் தனித்தனி ஆர்ம். உயர்த்த உயர்த்த டிரைவ் ஷாஃப்டின் சாய்வு கூடும், பூட் (அதன் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் தெறிக்கும். சக்கரம் தொங்கும்போது மேல் ஆர்ம் காயில் ஸ்பிரிங்கில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பேசரின் தடிமனைவிடச் சக்கரத்தில் அதிகமாகவே உயரும், அதை மறந்து வாங்காதீர்கள். உங்கள் டயர் 789 மி.மீ.; 265/70 ஆர்17 என்றால் 803, 285/70 என்றால் 831. நான் 265ஐத்தான் சொல்வேன். லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழைய டயரைவிடக் குறையக் கூடாது.

கே (வேலூர்): 235 போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டுமா?

ப: ஆம், சுமார் 6 சதவீதம். ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கே (திருநெல்வேலி): போலீஸ் பிடிப்பார்களா?

ப: பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. 182ஏ(4)படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மற்றதை வக்கீலிடம் கேளுங்கள்.

கே (திருச்சி): அண்ணா, 2 இன்ச் லிஃப்டில் 235 இடிக்குமா?

ப: முதல் பதில். சாக்பீஸ் சோதனை செய்யாமல் டயர் வாங்காதீர்கள்.

கே (ஓசூர்): ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே வைத்துக்கொள்ளலாமா? ஐந்தாவது டயர் செலவு அதிகம்.

ப: இது யாரும் கேட்காத முக்கியமான கேள்வி. பழைய ஸ்டெப்னியை ஒரு பக்கம் மாட்டி 4 எச் (நான்கு சக்கர ஓட்டம்) போட்டால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றி, முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கு ஏறும். மீட்டரில் ஏ.பி.எஸ். விளக்கும் எரியலாம். ஐந்தும் ஒரே அளவு வாங்குங்கள். பணம் இல்லையென்றால், பழைய ஸ்டெப்னியைப் பின்சக்கரத்தில் மட்டும் மாட்டி, 2 எச்சில் (பின்சக்கர ஓட்டம்), மெதுவாகப் பக்கத்து பஞ்சர் கடை வரை போங்கள். முன்சக்கரம் பஞ்சர் ஆனால் பின்னாலிருந்து ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய ஸ்டெப்னி கனமானது, பின்கதவின் கீல் போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும் 100 கி.மீ. ஓடிய பிறகு டார்க் ரெஞ்சால் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.